பிப்ரவரியில் வரும் பிள்ளைக்குக் கதவைத் திறப்பது யார்?

சென்னையிலிருந்து வந்து டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில் குடியேறியிருக்கிறீர்கள். வீட்டுக்கு அருகில் சார்ட்டர் பள்ளி ஒன்று இருக்கிறது. கட்டணம் இல்லை, சீருடை உண்டு, விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் முறையில் சேர்க்கை நடக்கிறது. அப்படியிருக்க, என்னைப் போன்ற பொதுப் பள்ளி ஆசிரியர்கள் இப்பள்ளிகளை ஏன் எதிர்க்கிறார்கள், போட்டியைக் கண்டு அஞ்சுகிறார்களா, சங்கத்தின் நலனுக்காகப் பேசுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சிகன் மாநிலத்தின் பொதுப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்து வருபவன் நான். இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவசரத்தில் பாதிப் பதிலே சொல்ல நேர்ந்திருக்கிறது. இம்முறை முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. சார்ட்டர் பள்ளி என்றதும் நம் ஊரின் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் இரண்டும் வேறு. உதவி பெறும் பள்ளியில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்கு அரசே ஊதியம் தருகிறது. மிச்சிகனின் சார்ட்டர் பள்ளிக்கோ, சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் தலைக்கு இவ்வளவு என்று மாநில அரசு மொத்தத் தொகையைக் கொடுத்துவிடுகிறது; அதைச் செலவிடும் முறையைப் பள்ளியின் நியமன வாரியமும், பெரும்பாலான இடங்களில் அந்த வாரியம் ஒப்பந்தத்தில் அமர்த்திய நிர்வாக நிறுவனமும் முடிவு செய்கின்றன. அந்த வாரியத்தினரை ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. பள்ளி தொடங்க உரிமம் தருபவை பெரும்பாலும் மாநிலப் பல்கலைக்கழகங்கள். தங்கள் மேற்பார்வைக்காகப் பள்ளிக்கு வரும் மாநில நிதியில் 3 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ள அவற்றுக்குச் சட்டம் இடம் தருகிறது. இந்த மாநிலத்தில் சார்ட்டர் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவற்றை இலாப நோக்குள்ள நிறுவனங்கள் நடத்துகின்றன. நாட்டின் வேறு பல மாநிலங்களில் நிலை இப்படி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; மின்னசோட்டாவையோ மாசச்சூசெட்ஸையோ பார்த்துச் சொல்லும் நல்ல சொல் மிச்சிகனுக்கு அப்படியே பொருந்தாது.

சார்ட்டர் என்னும் எண்ணத்துக்கு நான் எதிரியல்லன். அதை நாடறியப் பேசியவர் எங்கள் ஆசிரியர் சங்கத் தலைவரே. அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஷாங்கர், 1988 மார்ச் 31 அன்று வாஷிங்டனின் தேசியச் செய்தியாளர் மன்றத்தில் ஆற்றிய உரையில் இதை முன்வைத்தார். ஒரு பள்ளிக்குள்ளேயே சில ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்து, வழக்கமான முறையில் கற்க இயலாத பிள்ளைகளுக்காகப் புதிய கற்பிப்பு முறையொன்றை வகுத்து, சில ஆண்டுகள் இடையூறின்றி நடத்திப் பார்க்க உரிமை பெற வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில், ஆசிரியர் குழுவொன்று ஒரே மாணவர்களோடு ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பயணிக்கும் பள்ளியை அவர் நேரில் பார்த்திருந்தார். 'சார்ட்டர்' என்ற சொல்லை அவர் ரே பட் என்ற பேராசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஆக, விட்டுப்போகும் பிள்ளைகளுக்காக, ஆசிரியர்களின் கையில் இருக்கும் சோதனைக்கூடமாகவே இது கருக்கொண்டது. 1991-இல் மின்னசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது. 1992-இல் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, தன் எண்ணம் தனியார் வணிகத்துக்கு வழியாவதைக் கண்டு ஷாங்கர் அதை வெளிப்படையாகக் கண்டிக்கத் தொடங்கிவிட்டார். மிச்சிகன் 1993-இல் சட்டம் இயற்றியபோது முன்னின்ற வாதம் சோதனைக்கூடம் பற்றியதன்று. பள்ளிகள் மாணவருக்காகப் போட்டியிட்டால் எல்லாப் பள்ளிகளும் மேம்படும் என்பதே.

அந்தப் போட்டி எந்த அடிப்படையில் நடக்கிறது என்று பார்ப்போம். 1994-இல் மிச்சிகன் வாக்காளர்கள் 'முன்மொழிவு ஏ' என்பதை ஏற்று, பள்ளியின் நடப்புச் செலவை உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து பெருமளவு விடுவித்தார்கள். விற்பனை வரி 4 விழுக்காட்டிலிருந்து 6 ஆக உயர்ந்தது. பணம் பிள்ளையின் பின்னே செல்லத் தொடங்கியது. எத்தனை பிள்ளைகள் என்பதை அக்டோபர் முதல் புதன்கிழமையும் பிப்ரவரி இரண்டாம் புதன்கிழமையும் எண்ணுகிறார்கள். அண்மைக் காலத்தில் நீண்ட நாள் இருந்த கணக்கின்படி, அக்டோபர் எண்ணிக்கைக்கு 90 விழுக்காடும் பிப்ரவரி எண்ணிக்கைக்கு 10 விழுக்காடும் எடை. எண்ணிக்கை நாளன்று எங்கள் பள்ளிகளில் பீட்சாவும் பரிசுகளும் கொடுத்து எவரும் விடுப்பெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் வழக்கம் இதனால்தான் வந்தது. நடுவில் பள்ளி மாறும் பிள்ளைக்கான தொகையை இரு பள்ளிகளும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு பின்னாளில் வந்தது. அது நல்ல திருத்தம். ஆனால் பிள்ளையோடு இடம்பெயர்வது பணம் மட்டுமன்று, எப்போது வந்தாலும் அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் கடமையும்தான். அந்தக் கடமை ஒரு வகைப் பள்ளிக்கு மட்டுமே, அதாவது அந்தப் பகுதியின் கல்வி மாவட்டம் நடத்தும் வழக்கமான பொதுப் பள்ளியான மாவட்டப் பள்ளிக்கு மட்டுமே, இருக்கிறது என்பதே என் முழு வாதம்.

ஓர் ஆண்டு பிப்ரவரி எண்ணிக்கை முடிந்த சில நாட்களில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் வகுப்புக்கு வந்தான். அவன் முன்பு படித்தது ஒரு சார்ட்டர் பள்ளி. அப்பள்ளி அவனை வெளியேற்றவில்லை. வெளியேற்றியதாக எந்தப் பதிவிலும் இராது. "எங்கள் முறை உங்கள் மகனுக்குப் பொருந்தவில்லை" என்று அவன் தாயிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நண்பகலிலேயே வந்து அழைத்துப் போகுமாறு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்யும் அந்தத் தாய், வேலை போய்விடும் என்ற நிலையில் தானே விலகல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டார். அவனுக்கான சிறப்புக் கல்வித் திட்டத்தின் கோப்பு எங்களிடம் வந்துசேர ஐந்து வாரம் ஆனது. அதுவரை, 34 பேர் இருந்த வகுப்பில் முப்பத்தைந்தாவதாக அவன் அமர்ந்திருந்தான். பின்னங்களைக் காகிதத்தை மடித்து மடித்துத்தான் அவனால் புரிந்துகொள்ள முடிந்தது. மடித்துக் காட்டினால் மற்றவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டான். ஜூன் மாதத்துக்குள் அவன் ஓரளவு நிலைகொண்டான் என்றாலும், ஏப்ரலில் எழுதிய மாநிலத் தேர்வில் அவன் பெற்ற குறைந்த மதிப்பெண் எங்கள் பள்ளியின் கணக்கில்தான் ஏறியது. அவன் விட்டுச்சென்ற பள்ளியின் சராசரி சற்று உயர்ந்திருக்கும்.

இது ஒரு பையனின் கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். எல்லா சார்ட்டர் பள்ளிகளும் இப்படிச் செய்வதாக நான் சொல்லவில்லை; சட்டப்படி அவை தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்க முடியாது, பல பள்ளிகள் மனமார எல்லோரையும் ஏற்கின்றன. ஆனால் கணக்கு ஒரு திசையைக் காட்டுகிறது. அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2009-10 கல்வியாண்டில் வழக்கமான பொதுப் பள்ளிகளில் சுமார் 11 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளி மாணவர்கள்; சார்ட்டர் பள்ளிகளில் அது சுமார் 8 விழுக்காடு. இந்த எண்ணிக்கைக்குள்ளும் வேறுபாடு இருக்கிறது: பேச்சுப் பயிற்சி மட்டும் தேவைப்படும் பிள்ளை ஒரு வகை, நாள் முழுதும் உடன் ஒருவர் இருக்க வேண்டிய பிள்ளை இன்னொரு வகை. எங்கள் அனுபவத்தில் இரண்டாம் வகைப் பிள்ளைகள் மாவட்டப் பள்ளிகளுக்கே வந்து சேர்கிறார்கள். குலுக்கல் நேர்மையாக நடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குலுக்கலில் பெயர் இருக்க வேண்டுமானால், மார்ச் மாதத்திலேயே விண்ணப்பிக்கத் தெரிந்த, காலையில் காரில் கொண்டுவிட வசதியுள்ள பெற்றோர் அந்தப் பிள்ளைக்கு இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று விளம்பரப் பலகை வைப்பதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே சில பிள்ளைகளை மாற்றுச் சான்றிதழோடு அனுப்பிவிடும் தனியார் பள்ளிகளைத் தமிழ்நாட்டில் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்த வழிமுறையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி எங்கள் தரப்பு சொல்வது பலருக்குப் புரியாமல் போவதால் சற்று நின்று விளக்குகிறேன். ஒரு பள்ளியிலிருந்து ஆண்டுக்கு இருபது பிள்ளைகள் வெளியேறினால் இருபது பிள்ளைகளுக்கான செலவும் வெளியேறிவிடும் என்று காகிதத்தில் தோன்றும். அந்த இருபது பேரும் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. எட்டு வகுப்புகளிலிருந்து இரண்டு மூன்று பேராகப் போகிறார்கள். ஆசிரியரைக் குறைக்க முடியாது, பேருந்து அதே தெருக்களில்தான் ஓட வேண்டும், கொதிகலன் அதே எரிவாயுவைத்தான் குடிக்கும், கூரை அதே இடத்தில்தான் ஒழுகும். குறைக்க முடிவது நூலகரை, இசை ஆசிரியரை, செவிலியரைத்தான். அவர்களைக் குறைத்ததும் இன்னும் சில பெற்றோர் வேறு பள்ளி தேடுகிறார்கள். இதோடு ஓய்வூதியம் சேர்கிறது. மாவட்டப் பள்ளி ஊழியர்கள் மாநில ஓய்வூதிய நிதியில் உறுப்பினர்கள். தனியார் நிர்வாக நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருக்கும் சார்ட்டர் ஆசிரியர்கள் அதில் இல்லை. பிள்ளைகள் அங்கே செல்லச் செல்ல, நிதியில் ஏற்கெனவே விழுந்துவிட்ட பற்றாக்குறை, குறைந்துகொண்டே வரும் ஊழியர் எண்ணிக்கையின் மேல் ஏறுகிறது; ஒரு பகுதியை மாநிலம் தன் கல்வி நிதியிலிருந்தே ஈடுகட்டுகிறது. அந்தப் பணம் எந்த வகுப்பறைக்கும் வருவதில்லை.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்கிறேன். சார்ட்டர் பள்ளிக்குக் கட்டடத்துக்கென உள்ளூர்ச் சொத்து வரியில் பங்கில்லை. நடப்புச் செலவுக்கான தொகையிலிருந்தே வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. அது உண்மையான குறை. ஆனால் அந்த வாடகையைப் பள்ளியை நடத்தும் நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ பெற்றுக்கொள்ளும் ஒப்பந்தங்கள் இங்கே சட்டப்படி நடக்கும்போது, வாடகை நியாயமானதா என்று கேட்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது என் கேள்வி.

இனி, கற்றல் முடிவுகள். இதில் இரு தரப்பும் தமக்கு வேண்டிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2009-இல், 16 ஆட்சிப் பகுதிகளின் தரவைக் கொண்டு, கணிதத்தில் 17 விழுக்காடு சார்ட்டர் பள்ளிகள் ஒப்பிடத்தக்க பொதுப் பள்ளிகளைவிடச் சிறந்தும், 37 விழுக்காடு தாழ்ந்தும், மற்றவை வேறுபாடின்றியும் இருப்பதாகச் சொன்னது. எங்கள் தரப்பு இன்றும் இந்த ஆய்வைத்தான் மேற்கோள் காட்டுகிறது, அது நேர்மையன்று. ஏனெனில் அதே மையத்தின் 2023 ஆய்வில், சார்ட்டர் மாணவர்கள் சராசரியாக வாசிப்பில் 16 நாள் கற்றலும் கணிதத்தில் 6 நாள் கற்றலும் கூடுதலாகப் பெறுகிறார்கள் என்று காண்கிறோம். நகர்ப்புற ஏழைக் கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த ஆதாயம் இன்னும் பெரிது. மிச்சிகனைப் பற்றிய 2013 ஆய்வு, ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மாதக் கற்றல் கூடுதல் என்றும் டெட்ராய்ட்டில் மூன்று மாதம் என்றும் கண்டது. பாஸ்டன் நகரில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட பொருளியலாளர்கள் கண்ட ஆதாயம் இவற்றைவிடப் பெரிது. குலுக்கலில் பெயர் கொடுத்த குடும்பங்களுக்குள்ளேயே ஒப்பிடுவதால், ஆர்வமுள்ள பெற்றோரின் பிள்ளைகள் என்று அதைத் தள்ளிவிட முடியாது. இணையவழி சார்ட்டர் பள்ளிகளின் கதை நேர் எதிரானது: 2015 ஆய்வில் அவற்றின் மாணவர்கள் கணிதத்தில் 180 நாள், அதாவது ஏறத்தாழ ஒரு முழுக் கல்வியாண்டு பின்தங்கியிருந்தார்கள். ஆகவே "சார்ட்டர் பள்ளி நல்லதா கெட்டதா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உரிமம் தருபவர் யார், மூடும் துணிவு அவருக்கு உண்டா என்பதைப் பொறுத்தே முடிவு மாறுகிறது.

அந்தத் துணிவு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை டெட்ராய்ட் காட்டியது. நகரத்தின் பொதுப் பள்ளிகள் தாமாகவே கெட்டன, அதனால் சார்ட்டர் வந்து காப்பாற்றியது என்று பலர் சொல்வார்கள். பள்ளி நிர்வாகத்தில் ஊழலும் ஒழுங்கீனமும் இருந்தன என்பதை நான் மறைக்கப்போவதில்லை. 2009-இல் நடந்த தேசியக் கணிதத் தேர்வில் டெட்ராய்ட் பிள்ளைகள் பங்கேற்ற பெருநகரங்களிலேயே கடைசியாக வந்தார்கள். ஆனால் 1999 முதல் 2005 வரையும், பின்னர் 2009 முதல் 2016 வரையும் அந்தப் பள்ளிகளின் மீது அதிகாரம் செலுத்தியது மாநில அரசு. மாநிலம் அனுப்பிய அவசரகால மேலாளர்களின் கீழேயே கடன் பெருகியது, பள்ளிகள் வரிசையாக மூடப்பட்டன. 2000-ஐ ஒட்டி ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை 2016-இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்தது. மக்கள் நகரை விட்டுப் போனது ஒரு காரணம், சார்ட்டர் இன்னொன்று. 2011-இல் மாநிலச் சட்டமன்றம் பல்கலைக்கழகங்கள் வழங்கும் உரிமங்களின் உச்ச வரம்பை நீக்கியது. நகரத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சார்ட்டர் பள்ளிகளில் இருந்த காலமும் வந்தது. பள்ளிகள் ஒரே சுற்றுவட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்தன, ஆண்டின் நடுவே மூடின. பள்ளியே இல்லாத பகுதிகளும் நகரில் உருவாயின. எங்கே பள்ளி திறக்கலாம், எதை மூட வேண்டும் என்று இரு வகைப் பள்ளிகளுக்கும் சேர்த்து முடிவெடுக்கும் ஆணையம் ஒன்றை அன்றைய நகர மேயர் மைக் டக்கன் ஆதரித்தார். 2016-இல் கடனில் மூழ்கிய மாவட்டத்துக்கு 617 மில்லியன் டாலர் மீட்பு நிதி ஒதுக்கிய சட்டமன்றம், அந்த ஆணையத்தை மட்டும் நீக்கிவிட்டது. இதுவரை இங்கே நடந்த சீர்திருத்தங்களில் என்னை மிகவும் வருத்தியது அந்த நீக்கம்தான்; ஏனெனில் அந்த ஆணையம் சார்ட்டர் பள்ளிகளுக்கு எதிரான ஏற்பாடன்று.

அதே ஆண்டில், வாசிக்கக் கற்கும் உரிமை தங்களுக்கு மறுக்கப்பட்டதாக டெட்ராய்ட் மாணவர்கள் சிலர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். பாடநூல் இல்லை, குளிர்காலத்தில் வகுப்பறையில் மேலங்கியோடு அமர வேண்டியிருக்கிறது, எலிகள் ஓடுகின்றன, நிரந்தர ஆசிரியர் இல்லை என்பவை அவர்கள் முறையீடுகள். வழக்குத் தொடுத்தவர்களில் மாவட்டப் பள்ளி மாணவரும் இருந்தார்கள், சார்ட்டர் பள்ளி மாணவரும் இருந்தார்கள். 2020-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் குழு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னர் மாநிலம் உடன்படிக்கைக்கு வந்தது. போட்டி இரு வகைப் பள்ளிகளையும் உயர்த்தும் என்று சொல்லித் தொடங்கிய 23 ஆண்டுகளில், இரு வகைப் பள்ளிகளின் பிள்ளைகளும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டிவந்தது.

சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2002-இல் கையெழுத்தான 'எந்தக் குழந்தையும் பின்தங்கக்கூடாது' சட்டம், 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. எந்த மாநிலமும் எட்டவில்லை. ஒபாமா அரசின் 4.35 பில்லியன் டாலர் போட்டி நிதியைப் பெறும் நம்பிக்கையில் மிச்சிகன் தன் கல்விச் சட்டங்களை மாற்றியது. பணம் வேறு மாநிலங்களுக்குப் போனது, மாறிய சட்டங்கள் மட்டும் எங்களிடம் தங்கின. பின்னாளில் ஆசிரியர் மதிப்பீட்டில் 40 விழுக்காடு வரை மாணவரின் மதிப்பெண் வளர்ச்சிக்கு ஒதுக்கினார்கள். 2023-இல்தான் சட்டமன்றம் அதைப் பாதியாகக் குறைத்தது. எங்கள் தவறும் இதில் உண்டு. வகுப்பறையில் திணறும் சக ஆசிரியருக்கு உதவவோ, உதவியும் தேறாதவரை விலக்கவோ எங்கள் சங்கங்கள் நம்பத்தக்க வழியொன்றை முன்வைத்திருந்தால், இந்த எண்கணக்கு எங்கள் மேல் வந்து விழுந்திராது.

நான் ஆதரிக்கும் சீர்திருத்தம் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல விரும்புகிறேன். மாசச்சூசெட்ஸில் உரிமம் தரும் அதிகாரம் மாநிலக் கல்வி வாரியம் ஒன்றிடம் மட்டுமே இருக்கிறது. பள்ளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பிள்ளைகள் வெளியேறும்போது முதல் சில ஆண்டுகளுக்கு மாவட்டத்துக்கு மாநிலம் ஈடு தருகிறது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 2010-இல் அவர்கள் இயற்றிய விதி: சார்ட்டர் பள்ளியில் ஓர் இடம் காலியானால், மேல் வகுப்புகள் நீங்கலாக, பிப்ரவரி 15 வரை காத்திருப்போர் பட்டியலிலிருந்து அதை நிரப்ப வேண்டும். பாஸ்டனில் நல்ல முடிவுகள் வந்ததற்கும் இந்தக் கண்டிப்புக்கும் தொடர்புண்டு என்றே நினைக்கிறேன். அந்த மாநில மக்கள் 2016-இல் வரம்பை உயர்த்தும் முன்மொழிவை 62 விழுக்காடு வாக்குகளால் நிராகரித்தார்கள்; இருக்கும் பள்ளிகளை அவர்கள் மூடவில்லை. மிச்சிகனும் 2023-இல் ஒரு நல்ல அடி எடுத்துவைத்தது: வறுமை செறிந்த பள்ளிகளுக்கு, அது மாவட்டப் பள்ளியானாலும் சார்ட்டர் ஆனாலும், கூடுதல் நிதி தரும் படிநிலைக் கணக்கு சட்டமானது. பணம் பிள்ளையின் தேவையைப் பின்தொடர்வது அதுதான்.

உங்கள் மகளை அந்தப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்ப்பதற்காக உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இராது. பெற்றோர் தம் பிள்ளைக்கு நல்லதைத் தேடுவதில் குற்றமில்லை. ஆனால் சேர்க்கும் முன் பள்ளி அலுவலகத்தில் சிலவற்றைக் கேளுங்கள். சென்ற ஆண்டு அக்டோபரில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், ஜூனில் எத்தனை பேர்? மழலையர் வகுப்பில் மூன்று பிரிவு இருந்தால் எட்டாம் வகுப்பில் எத்தனை பிரிவு? சிறப்புக் கல்வி ஆசிரியர் முழு நேரமாக இருக்கிறாரா, வாரத்தில் ஒருநாள் வந்துபோகிறாரா? கட்டடம் யாருக்குச் சொந்தம்? ஆசிரியர்களில் எத்தனை பேர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருக்கிறார்கள்? வாரியக் கூட்டம் எந்த நாளில் நடக்கிறது என்றும் கேளுங்கள். சட்டப்படி அது பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம், நீங்கள் போய் அமரலாம். கடைசியாக, பிப்ரவரி மாதத்தில் புதிதாக ஒரு குடும்பம் இந்தத் தெருவுக்குக் குடிவந்தால் அவர்கள் பிள்ளைக்கு இங்கே இடம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உண்டு என்று தயங்காமல் சொன்னால் சேருங்கள். அப்படிச் சொல்லும் சார்ட்டர் பள்ளிகள் இரண்டை எனக்குத் தெரியும், அங்கிருக்கும் ஆசிரியர்கள் என் நண்பர்கள்.